சடை பின்ன ஆள் வேண்டும்

அந்த பக்கெட்டைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்த்திக்கொள்கிறாயா கண்ணு, காலை நீட்ட இடமில்லை. ஆங், போதும். பக்கெட், அதற்குள் தலையணை, அதற்கு மேல் ஒரு பொம்மைக் கரடி. இவ்வளவு சாமானோடு பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்து நாளாயிற்று. பெருந்துறையில் ஹாஸ்டலா? சரி. லீவு விட்டாயிற்றா? இதற்கும் அதே மாதிரி தலையை ஆட்டினால் ஆமாமா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பரவாயில்லை. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசவேண்டாம். நான் பேசுகிறேன். என் உத்தியோகமே அதுதான். ஒரு கம்பெனியில் எச்.ஆர். யாராவது வேலையை விட்டுப் போகிறேன் என்று வந்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஏன் என்று கேட்பேன். கேட்டு என்ன, போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உனக்கு நல்ல நீளமான முடி. தப்பாக நினைக்காதே, இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தலைதான் கண்ணில் படுகிறது. நீயே பின்னிக்கொண்டதா? அதுதான் வகிடு பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. குறை சொல்லவில்லை. எனக்கு அதுவும் வராது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நீயே நியாயம் சொல். வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு போதும். பாத்திரம் தேய்க்க ஆள் வைத்தால் யாராவது ஏதாவது சொல்கிறார்களா? இல்லை. துணி இஸ்திரி போட வெளியே கொடுத்தால்? இல்லை. அரைத்த மாவை வாங்கினால்? இல்லவே இல்லை, எந்தக் கடை மாவு நன்றாகப் பொங்குகிறது என்று நம்மிடமே கேட்கிறார்கள். ஆனால் பெற்ற பிள்ளைக்குச் சடை பின்ன ஒரு ஆள் வைத்தால் மட்டும் ஊரே மூக்கில் விரலை வைக்கிறது. ஏன்? தலை என்ன, குக்கரைவிட உசத்தியா?

எங்கள் வீட்டுக்காரர் மோகன்ராஜ் இருக்கிறாரே, அவர் சொல்வார்: "சின்ன வேலை கோகிலா, இதுக்கெல்லாம் எதுக்கு ஆளு? நாமளே செஞ்சுக்கலாம்." நாமளே என்று அவர் சொன்னால் அதில் அவர் இருக்க மாட்டார். கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாமல் கொஞ்ச காலம் ஏமாந்தேன். நீ தெரிந்து வைத்துக்கொள்.

நான் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டை ஒரு கம்பெனி மாதிரி பார்க்கிறவள். எதை நாம்தான் செய்யவேண்டுமோ அதை நாம் செய்யவேண்டும். மற்றதை வெளியே கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். உரித்த பூண்டு வாங்குகிறேன். மகளின் நோட்டுகளுக்கு அட்டை போட ஸ்டேஷனரிக் கடையிலேயே கொடுத்துவிடுகிறேன். பட்டுப்புடவைக்குக் கொசுவம் மடித்து, தேய்த்து, ஹேங்கரில் மாட்டிக் கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள். அப்படியே எடுத்துச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். மிச்சமாகிற நேரத்தில் என்ன செய்கிறேன் என்று கேட்கிறாயா? நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளையோடு இருக்கிறேன். அதற்குத்தானே இத்தனையும்.

போன மார்கழியில் எங்கள் அபார்ட்மெண்டில் கோலப் போட்டி வைத்தார்கள். சரவணம்பட்டி பக்கம், பெரிய அபார்ட்மெண்ட். நான் யாருக்கும் தெரியாமல் ஒருத்திக்குச் சொல்லி, விடிவதற்கு முன்பே வந்து வாசலில் ஒரு மயில் போட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். காலையில் கதவைத் திறந்தால் மயில் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கால்தான் இல்லை. சரி, நின்றுகொண்டு தூங்குகிற மயில் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே எதிர் வீட்டைப் பார்த்தேன். அங்கேயும் ஒற்றைக் கால் மயில். பக்கத்து வீட்டில் ஒற்றைக் கால் மயில். மேல் மாடியில் ஏறிப் பார்த்தால் அங்கே இரண்டு. நடுவராக வந்த அம்மாள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இது உங்க வீட்டு வழக்கமா?" என்று கேட்கிறார். ஒவ்வொருத்தியும், "ஆமாங்க, எங்கம்மா போடற கோலம்" என்கிறாள். நானும் அதையேதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

எதற்குச் சொல்கிறேன் என்றால், எல்லோரும்தான் ஆள் வைக்கிறார்கள். நான் ஒளிக்கத் தெரியாதவள், அதனால் பேச்சு வாங்குகிறேன்.

இரு, போன். ...சொல்லுங்க. ...பஸ்ல இருக்கேன். இல்ல, அவ வரல. ...வரலைன்னா வரலதான், தூக்கிட்டா வர முடியும்? ...நான் வர்ற வரைக்கும் யாரும் எங்கயும் போகவேண்டாம். கத்திரி எடுக்கவேண்டாம். ...வந்து சொல்றேன்.

அவர்தான். சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் முடியை வெட்டிவிட்டு வரலாமா என்று கேட்கிறார். பாய் கட். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

என் மகள் வர்ணிகா எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை கட்டாயம். சும்மா தொங்கவிட்ட இரட்டைச் சடை இல்லை, பின்னி, மேலே மடித்து, காதுக்குப் பக்கத்தில் கறுப்பு ரிப்பனில் பூ வைத்துக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரம். தோளுக்குக் கீழே முடி இறங்கினால் பி.டி. டீச்சர் பிடித்துக்கொள்வாள். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை, நிச்சயமாகக் காலையில் ஆபீஸ் போகிற பெண்ணாக இருக்க முடியாது. எனக்கோ அந்த நேரத்தில்தான் தினமும் மீட்டிங். மேலே சட்டை, கீழே நைட்டி, முன்னால் லேப்டாப். அந்த நிலைமையில் பிள்ளை சீப்போடு வந்து நின்றால் நான் என்ன செய்வது?

எனக்குப் பின்னவும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கிராப்பில் வளர்ந்தவள். என் அம்மா டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகவேண்டும், எனக்குத் தலை வார நேரமில்லை, அதனால் ஒட்ட வெட்டிவிட்டாள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அம்மாவிடம் நான் உட்கார்ந்து பேசியதாகவும் ஞாபகமில்லை. அதனால் நான் என்ன கெட்டா போய்விட்டேன்?

அப்படித்தான் துளசிமணியை வைத்தேன். பக்கத்துத் தெரு லைன் வீட்டில் இருந்தாள். நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு வருவாள். ராத்திரி விட்டுப்போன நாடகத்தை எங்கள் வீட்டு வைஃபையில்தான் பார்ப்பாள். போனைப் பூஜாடிமேல் சாய்த்து வைத்து, வர்ணிகாவை முன்னால் தரையில் உட்கார வைத்து, இவள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு பின்ன ஆரம்பித்தால் நாடகம் முடியும்போதுதான் ரிப்பன் கட்டுவாள். வேகமாக முடித்துவிட்டுப் போ என்று சொன்னால், "அவசரமாப் பின்னுனா அவுந்துக்குமுங் மேடம்" என்பாள். அவளுக்கு நாடகம் அவிழ்ந்துவிடக் கூடாது, அதுதான் விஷயம்.

உள்ளறையில் மீட்டிங்கில் இருக்கிற எனக்குச் சத்தம் கேட்கும். நாடகத்தில் யாரோ அழுவார்கள். வர்ணிகா ஏதோ முணுமுணு என்று பேசிக்கொண்டிருப்பாள். துளசிமணி, "ம்", "ம்" என்று கொட்டிக்கொண்டிருப்பாள். நாடகத்துக்கு ம் கொட்டுகிற பெண்பிள்ளையை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுவேன்.

என்னை நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது. நான் பிள்ளையைக் கவனிக்காதவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வர்ணிகாவுக்கு. யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன். சாப்பாட்டு மேசையில் எனக்குக் காபி, அவளுக்கு பிஸ்கட், எதிரும் புதிருமாக உட்காருவோம். கண்ணைப் பார்த்துக் கேட்பேன். "இந்த வாரம் எப்படிப் போச்சு கண்ணு? எது நல்லா இருந்துச்சு? எதை இன்னும் நல்லாப் பண்ணியிருக்கலாம்?" ஆபீஸில் நான் கேட்கிற அதே கேள்விகள்தான், தரமான கேள்விகள். அவள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா. போலாமா?" என்பாள். அவளுக்குப் பிரச்சினையே கிடையாது என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

பிடிவாதமும் கிடையாது. ஆடி மாதத்தில் ஒருநாள், சாயங்காலம், நான் போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ரெண்டு நிமிஷம் கண்ணு" என்றேன். பிறகு இன்னொரு போன் வந்துவிட்டது. ராத்திரி நானே ஞாபகம் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன், தூங்கிவிட்டாள். சரி, ஞாயிற்றுக்கிழமை சொல்லட்டும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டால், "மறந்துட்டேம்மா" என்கிறாள். எவ்வளவு நல்ல பிள்ளை பார். வேறு பிள்ளையாக இருந்தால் அன்றைக்கே வீட்டை இரண்டு பண்ணியிருக்கும்.

நீ ஏன் வெளியே பார்க்கிறாய்? விஜயமங்கலம்தான். இங்கே நிற்க மாட்டான்.

சரி, இப்போது விசேஷத்துக்கு வருகிறேன். வயதுக்கு வருகிற விசேஷம். உனக்கும் செய்திருப்பார்களே. அப்பாடா, முகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. பேனர் வைத்தார்களா? வைத்தார்கள் போல. எங்கள் சொந்தத்தில் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போய் உட்கார்ந்து, சாப்பிட்டு, மொய் எழுதி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே பெண். கோபியில் இருக்கிற என் அண்ணன், தாய்மாமன், சீர் செய்வதற்கென்று இரண்டு வருஷமாகத் துடித்துக்கொண்டிருக்கிறான். எட்டாவது வந்துவிட்டாள், எந்த நேரமும் வரலாம். வந்த பிறகு மண்டபம் தேட, சமையல்காரர் தேட எனக்கு நேரம் ஏது? அதனால் முன்கூட்டியே ஒரு ஈவென்ட்காரரிடம் பேசிவிட்டேன். எல்லாம் அவர்களே. சீர்த்தட்டுக்குப் பழம் அடுக்குவதிலிருந்து, நலங்கு வைக்க நாலு பெண்கள் குறைந்தால் கொண்டுவருவது வரைக்கும் அவர்களே. நான் கைகூப்பி நின்றால் போதும்.

அந்தத் தம்பி போனில் கேட்கிறான்: "மேடம், பொண்ணு எப்போ ஏஜ் அட்டெண்ட் பண்றாங்க? டேட் கன்ஃபார்முங்களா?"

"தம்பி, அது அவகிட்ட இல்ல, என்கிட்டயும் இல்ல."

"பரவால்லீங்க மேடம், ஒரு மாசம் அப்ராக்சிமேட்டா சொல்லுங்க, அன்னப்பறவை பிளாக் பண்ணி வெச்சுக்கலாம்."

அன்னப்பறவை என்றால் ரதம் கண்ணு. பெண்ணை அதில் உட்கார வைத்து, புகை விட்டு, மண்டபத்துக்குள் இழுத்துவருவார்கள். மேலே டிரோன் பறந்து பூக்கொட்டும். வாசலில் அவள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கட் அவுட். நான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கையில் தோசைக் கரண்டி. வர்ணிகா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதித் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்தேன். அவரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். "பாருங்க, இப்பவே வெக்கம் வந்துடுச்சு உங்க பொண்ணுக்கு."

இது ஆனி மாதத்தில். தீபாவளி முடிந்த கையோடு துளசிமணி வந்து, "என்ற புள்ளைக்குப் பிரசவமுங், பெருந்துறைக்குப் போறனுங்" என்று ஒரே வார்த்தையில் நின்றுவிட்டாள். நோட்டீஸ் பீரியட் என்ற பேச்சே கிடையாது. போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் பிரளயம். பியூட்டி பார்லரிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். அழகாகப் பின்னினாள், இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே வேலையை முடித்துவிட்டுப் போனாள். இதைவிட என்ன வேண்டும்? மறுநாள் வர்ணிகா, "அந்த அக்கா வேண்டாம்" என்றாள். ஏன்? "வேண்டாம்." எதிர் வீட்டுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருகிற டீச்சரைக் கேட்டேன், ஒரு நாள்தான், அதுவும் வேண்டாம். கடைசியில் இவரே சீப்பை எடுத்தார். இடது பக்கம் வடக்கயிறு மாதிரி, வலது பக்கம் எலிவால் மாதிரி. பிள்ளை அப்படியே போனாள். பி.டி. டீச்சர் எனக்குப் போன் பண்ணுகிறாள், "வீட்ல யாரும் இல்லீங்களா மேடம்?" என்று. கேட்கிற கேள்வியா அது?

நேற்று வர்ணிகா சீப்பை மேசைமேல் வைத்தாள். "துளசி அக்கா வரலைன்னா நான் முடியை வெட்டிக்கிறேன். நாளைக்கே. அப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு." அவ்வளவுதான் பேச்சு. இடுப்பு வரைக்கும் இருக்கிற முடி கண்ணு. எனக்குத்தான் இல்லை, அவளுக்காவது இருக்கட்டும் என்று ஆள் வைத்து வளர்த்த முடி.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பெருந்துறைக்குப் போனேன். நாலு மணியை விட்டுவிட்டுப் போனேன், அதைக் கவனி. மகளுக்காகத்தான் மகளுடைய நேரத்தை விட்டேன்.

துளசிமணி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏனுங் மேடம், இத்தன தூரம்? ஒரு போன் பண்ணுனாப் பத்தாதுங்ளா?" என்றாள்.

"போன்ல சொன்னாத்தான் நீ வரமாட்டேங்கிறியே. துளசிமணி, என்ன வேணும்னு கேளு. சேர்த்துத் தர்றேன். நாடகத்துக்குப் பெரிய டிவியே போட்டுக்கலாம்."

"நா எங்கீங் வர்றது? பச்ச ஒடம்புக்காரிய உட்டுப்போட்டு? இந்தப் புள்ளைக்கு ஆரு தண்ணி ஊத்தறது?"

நான் அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். "அதுக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாம். குழந்தை குளிப்பாட்ட இங்கயே ஆள் கிடைக்கும். ஏற்பாடு, செலவு எல்லாம் என்னுது. நீ வந்து வர்ணிகாவைப் பாரு."

எவ்வளவு நியாயமான யோசனை! அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பில் குழந்தை பயந்து வீறிட்டு அழுதது. "என்ற பேத்திக்குத் தண்ணி ஊத்த ஆளுங்ளா? அட சாமி! ஏய் கலா, இங்க வந்து கேளு, மேடம் என்ன சொல்றாங்கன்னு!" உள்ளேயிருந்து மகளும் சிரிக்கிறாள், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஒரு வேலைக்கு ஆள் வைப்பதில் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. இவளே எங்களுக்கு ஆளாக இருந்தவள்தானே.

சரி, இவள் வரமாட்டாள் என்று எழுந்துவிட்டேன். அப்போதுதான், குழந்தைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள். "உங்க பாப்பாவுக்கு வவுத்து வலி இப்பத் தேவலைங்ளா மேடம்? மொதல்ல கொஞ்ச மாசத்துக்கு அப்பிடித்தான் இருக்கும்."

"என்ன வயித்து வலி?"

சாம்பிராணிக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "அய்யோ போச்சு. என்ற வாயி... உங்களுக்கு இன்னும் சொல்லலீங்ளா?"

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று நானும் அந்த ஈவென்ட்காரனிடம், "இன்னும் இல்ல தம்பி, இன்னும் இல்ல தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில், எனக்குப் பக்கத்து அறையில், என் மகள் வயதுக்கு வந்து தீபாவளியும் கொண்டாடிவிட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் இந்தத் துளசிமணிதான் நைட்டித் துண்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு.

"உங்கிட்ட சொன்னாளா? எங்கிட்ட சொல்லாம உங்கிட்ட?"

"தல பின்னறப்ப சொல்லுச்சுங். அன்னப்பறவ மேல உக்கோத்தி வெச்சுருவாங்கன்னு ஒரே அழுவாச்சிங்."

"நீ என்ன சொன்ன?"

"நா என்னத்தச் சொல்றதுங்? ம்-முன்னேன். நா நாடகம் பாத்துட்டு இருப்பனுங், அது பாட்டுக்கு தெனமும் எதையாச்சும் சொல்லிட்டே இருக்கும். பாதி என்ற காதுலயே ஏறாதுங். இது ஏறிப்போச்சு."

கேட்டாயா? பாதி காதில் ஏறவில்லையாம். வெறும் 'ம்'முக்கு நான் மாதாமாதம் சம்பளம் கொடுத்திருக்கிறேன். நான் கண்ணைப் பார்த்து, காபி போட்டு வைத்துக்கொண்டு, வரிசையாகக் கேள்வி கேட்டால் பதில் இல்லை. இவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டு ம் கொட்டினால் எல்லாம் வருகிறது. நீயே சொல், இதில் என்ன நியாயம் இருக்கிறது?

நான் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "நீங்களே பின்னிப்போடுங்க மேடம். மூணு பிரி, மாத்தி மாத்திப் போடோணும், அவ்வளவுதானுங்." எனக்கு யோசனை சொல்ல வந்துவிட்டாள்.

இரு, மறுபடி போன். ...சொல்லு தம்பி. ...இல்ல, தை மாசம் உறுதியில்ல. ...அன்னப்பறவையை வேற யாருக்காவது குடுக்கறதுன்னா குடுத்துக்கோ. ...இல்ல, மயில் ரதமும் வேண்டாம். எனக்கு மயிலே ஆகாது.

அவன்தான். அவனிடம் என்ன சொல்வது? அண்ணனிடம் என்ன சொல்வது? இவரிடமே இன்னும் சொல்லவில்லை. போனில் சொல்லுகிற விஷயமா இது? சொன்னால், "உனக்கே தெரியாதா கோகிலா?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகவே சொல்லப்போவதில்லை. வர்ணிகாவிடம் போய், எனக்குத் தெரியும் என்று சொல்லலாமா? சொன்னால் துளசிமணி சத்தியத்தை மீறிவிட்டாள் என்றாகும். அதற்குப் பிறகு என் மகள் இந்த உலகத்தில் யாரிடம்தான் எதைச் சொல்வாள்? அதனால் அவளாகச் சொல்லவேண்டும். என்னிடம் சொல்லவேண்டும். அதற்கு என்ன வழி?

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகளிடம் பேசுவதற்கென்றே கவுன்சிலர்கள் இருக்கிறார்கள் இல்லையா? ஒரு அம்மாளுக்குப் போன் செய்தேன். நன்றாகத்தான் பேசினார். காலையில் வீட்டுக்கு வர முடியுமா என்றேன். பார்க்கலாம் என்றார். அப்படியே பேசிக்கொண்டே இரட்டைச் சடையும் பின்னிவிட முடியுமா என்றேன். வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் யாருக்குமே கூடுதலாக ஒரு வேலை செய்கிற மனசு இல்லை.

கடைசியில் இதைத்தான் வாங்கினேன். பார். சீப்பு, கறுப்பு ரிப்பன். பஸ் ஸ்டாண்ட் கடையிலேயே. வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும்தான், நிரந்தரமாக இல்லை. போனில் வீடியோ பார்த்தேன், அதில் ஒரு பொம்மைத் தலையை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொம்மைத் தலை ஆடாது, அசையாது, வலிக்கிறது என்று சொல்லாது. நிஜத் தலையில் ஒரு தடவையாவது பின்னிப் பார்க்காமல் நாளைக் காலையில் அவள் முன்னால் போய் எப்படி நிற்பது?

அதனால்தான் கண்ணு, கேட்கிறேன். கருமத்தம்பட்டியில் வண்டி எப்படியும் நின்றுவிடும், பாலம் வேலை நடக்கிறது. உனக்கும் நீளமான முடி. நீ எப்படியும் பேசப்போவதில்லை. கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்காருகிறாயா? வலிக்காமல் செய்கிறேன். கரடியை மடியில் வைத்துக்கொள்.

ஆங், அப்படி. ரப்பரை அவிழ்க்கிறேன். அட, இவ்வளவு முடியா? யாரும் உனக்கு வாரிவிடுவதில்லையா ஹாஸ்டலில்? சரி சரி. முதலில் வகிடு. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும். பஸ் போகிற போக்குக்கு இது கோணாமல் வந்தால் ஆச்சரியம்தான். இந்தப் பக்கத்தை மூன்றாகப் பிரிக்கவேண்டும். இது ஒன்று, இது ஒன்று, இது... எங்கே போயிற்று? இங்கே இருக்கிறது. வலது பிரி நடுவுக்கு. இடது பிரி நடுவுக்கு. வலது. இடது. பார், வருகிறது! மோசமில்லை. கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறேன், வலித்தால் சொல்.

என்ன?

வலிக்கிறதா? இல்லையா? பின்னே என்ன சொன்னாய்?

திரும்பாதே, பிரி கையைவிட்டுப் போய்விடும். அப்படியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல். எனக்குக் கேட்கிறது.

லீவு இல்லையா?

ம்.

படிப்பை மொத்தமாகவே விட்டுவிட்டாயா? எப்போ? ...இல்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. வலது, இடது. இங்கே ஒரு சிக்கு, மெதுவாக எடுக்கிறேன். ம்.

வீட்டில் யாருக்குமே தெரியாதா. ம்.

ம்.

அது என் போன்தான், கைப்பைக்குள். அவராக இருக்கும், அல்லது அந்தத் தம்பியாக இருக்கும். அடிக்கட்டும் விடு. வலது கையில் இரண்டு பிரி, இடது கையில் ஒன்று. எதை விட்டுவிட்டு அதை எடுப்பது? தானே அடித்து ஓயும்.

நீ சொல்லு கண்ணு. ம்.